மெட்ராஸ் பெயர் தாங்கிய குண்டு விமானங்கள்: போர்க்கதை சொல்லும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டாம் உலகப் போரைத் தமிழில் எழுதியும் காணொளியாக்கியும் வரும் நண்பர்களுக்கு,

வணக்கம். வான்போர் வரலாற்றைப் பல காலமாக வாசித்து வரும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்கள் உழைப்பைக் குறைத்துப் பேசும் நோக்கம் இல்லை. ஸ்டாலின்கிராடு முதல் மிட்வே வரை தமிழில் கேட்க முடிகிறதென்றால் அது உங்களால்தான். ஆனால் குண்டு விமானப் பேச்சு வந்ததும் எல்லோருமே ஒரே பாதையில் போகிறீர்கள். ஜெர்மன் அணைகளை உடைத்த துள்ளும் குண்டு, லங்காஸ்டர் குண்டு விமானத்தின் நான்கு மெர்லின் இன்ஜின், பிரிட்டிஷ் குண்டுப்படைத் தலைவர் ஆர்தர் ஹாரிஸ் என்ற ‘கசாப்புக்காரர்’, கடைசியில் டிரெஸ்டன். விமானத்துக்குள் இருந்த ஏழு பேர் என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்பது மட்டும் வருவதே இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் 35ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவிலிருந்து என்போம். பிரிட்டிஷ் விமானப்படையில் இதன் முழுப்பெயர் ‘எண் 35 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்’. சென்னை மாகாணம் போர்நிதி திரட்டிக் கொடுத்ததற்காக வந்த பெயர். அந்தப் பணம் விரும்பிக் கொடுத்ததா, கலெக்டர் கேட்டதால் கொடுத்ததா என்பது வேறு விவாதம், அதையும் நீங்கள் பேசலாம். எப்படியானாலும், ஹாலிஃபாக்ஸ் என்ற நான்கு இன்ஜின் குண்டு விமானத்தை முதலில் பெற்ற ஸ்குவாட்ரன் இதுதான், 1940 நவம்பரில். ஹாலிஃபாக்ஸின் முதல் தாக்குதலும், 1941 மார்ச்சில் பிரான்சின் லே ஹாவ்ர் மீது, இவர்களுடையதே. அன்றிரவு திரும்பி வந்த ஒரு விமானத்தைச் சொந்தப் படையின் இரவுப் போர் விமானமே எதிரி என நினைத்துச் சுட்டு வீழ்த்தியது.

ஓராண்டு கழித்து, 1942 ஏப்ரல் 27 இரவு, நார்வே கடற்கழியில் நின்ற ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்க 31 ஹாலிஃபாக்ஸும் 12 லங்காஸ்டரும் போயின. ஹாலிஃபாக்ஸ்கள் சிலவற்றில் உருண்டை வடிவக் கண்ணிவெடிகள். கப்பல் செங்குத்தான மலையடிவாரத்தை ஒட்டி நின்றது. சரிவில் போட்டால் உருண்டு போய்க் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நீரில் விழுந்து, அடிப்பாகத்தில் வெடிக்கும் என்பது கணக்கு. அதற்கு மிகத் தாழப் பறக்க வேண்டும், பீரங்கிகளோ இருபுற மலைகளிலும் இருந்தன. கப்பல் தப்பியது, ஐந்து விமானங்கள் போயின. அவற்றில் 35ஆம் ஸ்குவாட்ரனின் W1048 எண் விமானம் உறைந்த ஏரி ஒன்றின் மேல் வயிறு உரசி இறங்கியது. கணுக்கால் முறிந்த ஃப்ளைட் இன்ஜினியர் சிறைப்பட்டார், மற்றவர்கள் நடந்தே சுவீடன் போய்ச் சேர்ந்தார்கள். பனி உருகியதும் விமானம் ஏரிக்குள் அமிழ்ந்தது. 1973இல் வெளியே எடுத்து, செப்பனிடாமல், எடுத்த நிலையிலேயே லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். லண்டன் போகும் தமிழர்கள் பலர் அதைக் கடந்து போய் ஸ்பிட்ஃபயருக்குப் பக்கத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதே இரவு வேறொரு ஸ்குவாட்ரனின் தலைவர் டொனால்ட் பென்னட்டும் சுடப்பட்டு விழுந்து, சுவீடன் வழியாகத் தப்பி வந்தார். அந்த ஆகஸ்டில், முன்னே போய் இலக்குக்கு அடையாள விளக்குப் போடும் பாத்ஃபைண்டர் படை அமைந்தபோது அதற்குத் தலைமை ஏற்றவர் அவர்தான். அதன் முதல் ஸ்குவாட்ரன்களில் 35ஆவதும் ஒன்று.

பாத்ஃபைண்டர் ஏன் தேவைப்பட்டது? 1941 ஆகஸ்டில் வந்த பட் அறிக்கையைப் படித்தால் தெரியும். குண்டு போட்ட விமானங்களின் இரவுப் புகைப்படங்களை ஆராய்ந்தபோது, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள்ளாவது போயிருந்தது. புகை மூடிய ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. ஆலையைக் குறிவைத்து அடிக்க முடியாத படை நகரத்தையே குறிவைத்தது. அந்தக் கட்டளை 1942 பிப்ரவரி 14இல் வந்தது, ஹாரிஸ் தலைமை ஏற்றது பிப்ரவரி 22இல். அதை மும்முரமாக நடத்தியவர் அவர். அதை அவர்தான் கண்டுபிடித்தார் என்று நீங்கள் சொல்லும்போது, கையெழுத்திட்ட அமைச்சகமும் போர் அமைச்சரவையும் கதையிலிருந்து நழுவிவிடுகின்றன.

இனி விமானத்துக்குள் போவோம். லங்காஸ்டரையே எடுத்துக்கொள்கிறோம், உங்கள் படங்களில் அதுதான் வருகிறது.

ஏழு பேர்: பைலட், ஃப்ளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டு எய்பவர், வயர்லெஸ் ஆபரேட்டர், விமானத்தின் முதுகில் துப்பாக்கி பிடிக்கும் முதுகுக் கன்னர், வாலில் பிடிக்கும் வால் கன்னர். துணை பைலட் கிடையாது. பைலட் செத்தால், பெயருக்குக் கொஞ்சம் ஓட்டப் பழகிய இன்ஜினியரோ குண்டு எய்பவரோதான். இவர்களை மேலதிகாரி யாரும் சேர்த்து வைக்கவில்லை. பயிற்சி நிலையத்தில் ஒரு பெரிய ஹாங்கரில் எல்லோரையும் விட்டு, நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள் என்பார்கள். முதலில் வெலிங்டன் என்ற சிறிய குண்டு விமானத்துக்கு ஐவர், நான்கு இன்ஜின் விமானத்துக்கு மாறும்போது இன்னும் இருவர். இந்தப் பயிற்சிக் கட்டத்திலேயே 5,000க்கும் மேற்பட்டோர் விபத்துகளில் இறந்தார்கள். போரில் ஓய்ந்துபோன பழைய விமானங்கள், இங்கிலாந்தின் மேகமூட்டம், அனுபவமில்லாத கைகள். ஒரு குண்டும் போடாமல் செத்த இவர்களைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட நாங்கள் பார்த்ததில்லை.

காலையில் தாக்குதல் உறுதியானதும் எரிபொருள் அளவு வரும். முழுக் கொள்ளளவு 2,154 காலன். எரிபொருள் ஏற ஏறக் குண்டு குறையும், அதனால் தொட்டியில் எவ்வளவு நிரப்பச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே தரைப் பணியாளர்கள் இலக்கு பக்கமா தூரமா என்று ஊகித்துவிடுவார்கள். பைலட்டுகளுக்கு அது மாலைக் கூட்டத்தில்தான் தெரியும். நகரத் தாக்குதலுக்கு வழக்கமான சுமை, 4,000 பவுண்டு ‘குக்கி’ ஒன்றும் மிச்சத்துக்கு நான்கு பவுண்டு மக்னீசியத் தீக்குச்சிக் குண்டுகளும். மெல்லிய உறைக்குள் வெறும் வெடிமருந்துதான் குக்கி. கூரைகளையும் சன்னல்களையும் பிய்ப்பது அதன் வேலை, திறந்த கூரைக்குள் விழுந்து பற்றவைப்பது தீக்குண்டுகளின் வேலை. இந்தச் சேர்மானம் தற்செயலாக வந்ததில்லை என்பதைச் சொல்லாமல் ஹாம்பர்க்கின் தீப்புயலைச் சொல்ல முடியாது. குக்கியைச் செயலிழக்கச் செய்து பத்திரமாகக் கழற்றிவிடவும் வழியில்லை. மிகத் தாழ்வாகப் பறந்து போட்டால் அதன் அதிர்ச்சி போட்ட விமானத்தையே தாக்கும்.

புறப்பாடே பாதி ஆபத்து. சுமை ஏற்றிய லங்காஸ்டர் சுமார் 29 டன். வேகமெடுக்கும்போது இடப்பக்கம் இழுக்கும், எனவே பைலட் இன்ஜின் விசையைக் கூட்டும் நெம்புகோல்களான த்ராட்டில்களில் இடப்பக்கத்தவற்றைச் சற்று முன்னே தள்ளி நேராக்குவார். வால் எழும்பியதும் அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இன்ஜினியர் த்ராட்டில்கள் பின்னால் நழுவாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். அந்த நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றால் பெரும்பாலும் ஓடுபாதை முடிவிலேயே கதை முடிந்தது. ஆரம்பகால ஹாலிஃபாக்ஸில் இன்னொரு கோளாறும் உண்டு. குறைந்த வேகத்தில் ஒரு பக்க இன்ஜின் நின்றால், முக்கோண வால்துடுப்புகளில் திசை திருப்பும் பகுதியான ரட்டர் ஒருபக்கமாகச் சாய்ந்து பூட்டிக்கொள்ளும். விமானம் சுழன்று இறங்கும், மீட்க உயரம் இருக்காது. 1943இல் செவ்வக வடிவப் பெரிய துடுப்புகள் வந்த பிறகுதான் இது தீர்ந்தது. அதுவரை செத்தவர்களில் பலரை ‘பைலட் பிழை’ என்ற பத்தியில் எழுதியிருந்தார்கள்.

20,000 அடி உயரத்தில் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை குளிர் போகும். சூடான காற்று வரும் குழாய் வயர்லெஸ் ஆபரேட்டரின் பக்கத்தில், அவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருக்க மூக்குப் பகுதியில் குண்டு எய்பவர் விறைப்பார். மோசமான இடம் வால் கன்னர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு. கண்ணாடியில் ஒரு கீறலோ எண்ணெய்த் துளியோ இருந்தால் அது இரவில் எதிரி விமானம்போலத் தெரியும், அதனால் பல கன்னர்கள் முன் கண்ணாடியையே வெட்டி எடுத்துவிட்டார்கள். பார்வை தெளிவானது, காற்று நேரே முகத்தில் அடித்தது. மின்சூடு உடையில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் விரல்கள் உறைந்துபோகும். மூச்சு ஈரம் ஆக்ஸிஜன் குழாயில் பனிக்கட்டியாகி அடைக்கும், அவ்வப்போது கசக்கிவிட வேண்டும். ஆக்ஸிஜன் குறைந்தவருக்குத் தனக்குக் குறைந்தது தெரியாது. கள் குடித்தவர்போல உற்சாகமாகப் பேசிவிட்டு மயங்கிவிடுவார். அதனால்தான் பைலட் சற்று நேரத்துக்கு ஒருமுறை இன்டர்காமில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதில் வாங்குவார்.

வால் கூண்டுக்குள் பாராசூட்டுக்கு இடமில்லை. அது கூண்டுக்கு வெளியே, உடற்பகுதியில் தொங்கும். குதிக்க வேண்டுமானால் கன்னர் கூண்டை நேராகத் திருப்பி, முதுகுப்பக்கக் கதவைத் திறந்து, கையை நீட்டிப் பாராசூட்டை எடுத்து மார்பில் மாட்டி, பிறகு கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி, பின்புறமாக வெளியே சாய வேண்டும். கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் விசை இடப்பக்க வெளி இன்ஜினிலிருந்து வருவது. அந்த இன்ஜின் எரிந்தால் கையால் சுற்ற வேண்டும். உடற்பகுதியில் தீ வந்தால் பாராசூட்டே எரிந்துபோயிருக்கும்.

முன்னால் இருப்பவர்களுக்கு மூக்கின் தரையில் ஒரு திறப்பு, 22 அங்குல அகலம். கனத்த உடை, மார்பில் பாராசூட், சுழலும் விமானம். ஹாலிஃபாக்ஸில் அந்தத் திறப்பு இரண்டு அங்குலம் அதிகம். குண்டுப்படையின் ஆய்வுப் பிரிவில் அப்போது வேலை செய்த இளம் கணிதவியலாளர் ஃப்ரீமன் டைசனும் சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்தபோது, சுட்டு வீழ்த்தப்பட்ட ஹாலிஃபாக்ஸிலிருந்து நால்வரில் ஒருவர் உயிரோடு தப்பியிருந்தார். லங்காஸ்டரில் ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான். லங்காஸ்டர் உயரமாகப் பறக்கும், அதிகம் சுமக்கும் என்று நீங்கள் சொல்வது சரி. விழும்போது அது தன் குழுவை வெளியே விடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

இலக்கை நெருங்கியதும் குண்டு எய்பவர் படுத்துக்கொண்டு இடம், வலம் சொல்வார். பாத்ஃபைண்டர்கள் போட்ட சிவப்பு, பச்சை, மஞ்சள் அடையாள ஒளிக் கொத்துகள் கீழே தெரியும். குண்டு விழுந்த பிறகும் திரும்பிவிட முடியாது. குண்டு எங்கே விழுந்தது என்று காட்டும் புகைப்படத்துக்காகச் சுமார் அரை நிமிடம் நேராக, ஒரே மட்டத்தில் பறக்க வேண்டும். படம் இல்லாமல் வந்தால் விசாரணை. சுற்றிலும் பீரங்கிக் குண்டுகள் வெடிக்கும்போது ஒரு விநாடி முந்திப் போட்டுவிட்டுத் திரும்பும் ஆசை யாருக்கும் வரும். ஒவ்வொருவரும் சற்று முந்திப் போடப் போட, குண்டு விழும் இடம் வந்த வழியே பின்னோக்கி ஊர்ந்துகொண்டே போகும். அதை ஈடுகட்ட நடுநடுவே புதிய அடையாள விளக்குகள் போடுவதற்கென்றே பாத்ஃபைண்டர் விமானங்கள் இருந்தன. பயத்தைக் கணக்கில் சேர்த்தே தாக்குதல் திட்டமிடப்பட்டது.

இரவுப் போர் விமானத்தைக் கன்னர் பார்த்துவிட்டால் ‘கார்க்ஸ்க்ரூ’. எதிரி இடப்பக்கம் வந்தால் இடப்பக்கமே செங்குத்தாகச் சரிந்து, புரண்டு, மேலேறி, மறுபக்கம் சரிய வேண்டும். பார்த்தால்தான் அது உதவும். 1943 நடுவிலிருந்து ஜெர்மானியர் மேல்நோக்கிச் சாய்த்த பீரங்கிகளோடு அடியில் வந்தார்கள். லங்காஸ்டரின் வயிற்றுப் பக்கம் கண்ணும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அந்த இடத்தை, கீழேயுள்ள நிலத்தைக் காட்டும் H2S ரேடார் எடுத்துக்கொண்டிருந்தது. ஒளி விட்டுப் பறக்காத குண்டுகளால், இறக்கையில் இன்ஜின்களுக்கு நடுவேயுள்ள எரிபொருள் தொட்டியைக் குறிவைப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே போனவர்கள் ஏராளம், திரும்பிவந்து சொல்ல ஆளில்லாததால் தலைமையகத்துக்கும் மாதக்கணக்கில் புரியவில்லை.

உங்கள் காணொளிகளில் ‘வால் கன்னரின் ஆயுள் இத்தனை வாரம்’ என்பதுபோன்ற எண்கள் வருகின்றன. அவற்றை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு தவணை என்பது 30 பறப்புகள். ஓர் இரவில் நூற்றுக்கு நான்கு விமானம் திரும்பவில்லை என்றால் காதுக்குச் சிறிய எண்தான். 0.96ஐ முப்பது முறை பெருக்குங்கள், 0.29 வரும். நூறு குழுக்கள் தொடங்கினால் 29 குழுக்கள் தவணையை முடிக்கும். இழப்பு ஐந்தானால் 21. நான்கு விழுக்காட்டிலேயே, இரண்டாம் தவணையின் 20 பறப்புகளையும் சேர்த்தால் மிஞ்சுவது 13. புதிய பைலட்டை அனுபவத்துக்காக வேறு குழுவோடு முதலில் ஒருமுறை அனுப்புவார்கள். அந்த இரவே அவர் போய்விட்டால், அவருடைய ஆறு பேரும் ஒரு தாக்குதலும் பார்க்காமலே தலைவன் இல்லாத குழு ஆவார்கள். மொத்தத்தில் சுமார் 1,25,000 பேர் பறந்தார்கள், 55,573 பேர் இறந்தார்கள். அதில் கனடாக்காரர்கள் மட்டும் பத்தாயிரத்தை நெருங்குவர்.

1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்குக்கு 795 விமானங்கள் போயின, 95 திரும்பவில்லை. நிலா வெளிச்சம், நீண்ட நேர்கோட்டுப் பாதை, விமானங்களின் பின்னே வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்த உயரத்திலேயே வெண்கோடுகள், முன்னறிவிப்போடு பொருந்தாத காற்று. எல்லாம் ஒரே இரவில் கூடின. அணைத் தாக்குதலுக்கு நீங்கள் தரும் நேரத்தில் பாதி இதற்குத் தந்தால் போதும்.

எல்லோரும் தன்விருப்பில் வந்தவர்கள். ஆனால் பறக்க மாட்டேன் என்று சொன்னவருக்கு ‘மன உறுதி இல்லாதவர்’ என்ற முத்திரை. 1940 ஏப்ரலிலேயே அதற்கான ஆணை வந்துவிட்டது. நீதிமன்றம் இல்லை, அலுவலக நடவடிக்கை மட்டும். இறக்கைச் சின்னத்தைப் பிடுங்கி, சார்ஜென்டாக இருந்தவரைக் கடைநிலைக்கு இறக்கி, கோப்பில் ‘தடுமாறுபவர்’ (waverer) என்பதன் W எழுத்துக் குத்தி அனுப்புவார்கள். இருபது முறை போய்வந்தவருக்கும் இதே கதி நேரலாம். முத்திரை விழுந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் ஏன் தொடர்ந்து பறந்தார்கள் என்று விளக்கும்போது வீரத்தோடு இந்த W எழுத்தையும், கூட இருக்கும் ஆறு பேரைக் கைவிட முடியாத நிலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கீழே இருந்தவர்கள் இல்லாமல் இதைச் சொல்வதையும் நாங்கள் கேட்கவில்லை. தமிழில் இதைக் கேட்பவர்களில் குண்டு விமானத்தைப் பதுங்குகுழியிலிருந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். அணைத் தாக்குதலில் 19 விமானங்களில் 8 போயின, 53 பேர் இறந்தார்கள் என்று துல்லியமாகச் சொல்கிறீர்கள். அந்த வெள்ளத்தில் இறந்த 1,300க்கும் மேற்பட்டோரில் பலர் ஜெர்மானியரே இல்லை. மோனே அணைக்குக் கீழே நெஹைம் முகாமில் அடைக்கப்பட்டிருந்த, சோவியத் நாட்டிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட பெண்கள் அவர்களில் உண்டு. குழுவினரின் தியாகத்தைச் சொல்வதற்கு இவர்களை மறைக்கத் தேவையில்லை. இருவரையும் ஒரே காணொளியில் வைக்க முடியாது என்று நினைக்கிறவர்கள் இந்தத் தலைப்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

நம் பக்கத்துக் கதைகளும் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்து போன 11ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது பிளென்ஹைம் குண்டு விமானங்கள், பாதுகாப்பு விமானம் ஒன்றும் இல்லாமல் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கின. குண்டுகள் அகாகி கப்பலைத் தவறின, ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. திருகோணமலையை எத்தனையோ முறை பேசியிருக்கிறீர்கள். 1944 ஆகஸ்டில் அங்கே சீனன்குடாவிலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டு விமானங்கள் சுமத்ராவின் பலெம்பாங் வரை போய்வந்ததை ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை.

வேலை எப்படித் தொடங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறோம். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் 35ஆம் ஸ்குவாட்ரன் என்று தேடுங்கள். ஒரே தேதி, ஒரே ஸ்குவாட்ரன், அடுத்தடுத்த கல்லறை என்று வந்தால் அது பெரும்பாலும் ஒரு குழு. ஜெர்மனியின் ரைக்ஸ்வால்ட் கல்லறையில் மட்டும் சுமார் 4,000 விமானப்படையினர் இருக்கிறார்கள். உடல் கிடைக்காதவர்களின் பெயர் லண்டனுக்கு அருகே ரன்னிமீடில், 20,000க்கும் மேல். தேதி கிடைத்ததும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் AIR 27 வரிசையில் ஸ்குவாட்ரனின் நாளேட்டைப் பாருங்கள். யார் யார் பறந்தார்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், என்ன சுமை என்பதெல்லாம் அதில் இருக்கும். லிங்கன் நகரிலுள்ள குண்டுப்படை மையத்தின் இழப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு குழுவை இப்படித் தேடி எடுக்க இரண்டு மூன்று மாலை நேரம் ஆகும். இறந்தவர்களின் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள், எனவே படங்களை அனுமதி கேட்டுப் போடுங்கள்.

ஏற்கெனவே போட்ட காணொளிகளை நீக்கச் சொல்லவில்லை. டிரெஸ்டனில் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்ற எண்ணை மட்டும் உடனே திருத்துங்கள். அது நாஜிப் பிரச்சாரம் ஊதிப் பெருக்கிய எண். அந்த நகரமே அமைத்த வரலாற்றாய்வாளர் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்து 2010இல் தந்த முடிவு அதிகபட்சம் 25,000.

அன்புடன்,
வான்போர் வரலாறு வாசிப்போர் சிலர்